இரண்டாவது பாட்டில்

தையல் டீச்சர் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். அவள் என்ன செய்வாள், பாவம். படித்தது மனையியல். வேலைக்கு எழுதிப் போட்ட வருடம் தையல் ஆசிரியர் இடம்தான் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்துவிட்டாள். காஜா எடுப்பது, ஓரம் மடிப்பது, பொத்தான் வைப்பது என்று பாதி ஆயுள் போனது. பிறகு மேலிடத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்து, இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து துணி தைக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். மெஷின்களை மாடிப்படிக்கு அடியில் அடுக்கினார்கள். ஆளை அடுக்க முடியாது என்பதால் ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

அறிவியல் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் பாடத்தை முதல் நாள் சாயங்காலமே உரக்கப் படித்து மனப்பாடம் செய்வாள். கேட்கிற ஆள் அக்கா. சோதனை செய்கிற நாட்களில்தான் பெரிய பாடு. புத்தகத்தில் நீலமாகும் என்று போட்டிருக்கிற நீர் வகுப்பில் நீலமாகவே ஆகாது. மருந்து பழசு, குழாய் அழுக்கு, ஆயிரம் காரணம். "டீச்சர், எங்களுக்குப் பச்சையா வந்திருக்கு" என்பார்கள் பிள்ளைகள். "பச்சையை அடிச்சுட்டு நீலம்னு எழுதுங்க" என்பாள் இவள். இதில் அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் இதைத்தான் செய்கிறார். கேட்டால், பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறையக் கூடாதே என்பார். கண்ணால் பார்த்ததைவிட வர வேண்டிய விடை பெரிது என்பது அந்த உத்தியோகத்தோடு சேர்ந்து வருகிற வியாதி.

அந்த வருடம் புதுப் புத்தகம் வந்தது. கடைசிப் பாடம், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்பது. அதை நடத்தப் போகிறவர்கள் எல்லாரும் வான் அறிவியல் பயிற்சிக்கு வந்து, கடைசி நாள் தேர்வில் தேற வேண்டும் என்று உத்தரவு. தேறாதவர்களுக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: உபரி. உபரியானால் வேலை போகாது. எங்கே இடம் காலியோ அங்கே தூக்கிப் போடுவார்கள். அப்போது காலியாக இருந்ததெல்லாம் ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போகிற தூரத்தில்.

மற்றவர்களுக்கு அது தொல்லை. தையல் டீச்சருக்கு அது உயிர் போகிற விஷயம். காரணம் அக்காதான்.

அக்கா ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். வாய் ஓயாது. பஸ்ஸில் சில்லறைக்காகச் சண்டை போட்டால் அடுத்த நிறுத்தம் வரை கேட்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் பாதியில் இறங்கி, நடந்தே திரும்பி வந்து, மூன்றாவது மாடி ஏறிக் கதவைச் சாத்தினாள். யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. எதுவும் நடக்கவும் இல்லை. "வெளியில மூச்சு வரமாட்டேங்குதுடி" என்றாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்; அதற்குத் தூக்கம் வந்தது, தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டியதே கிடையாது. ஒரு தடவை கீழ் வீட்டில் கேஸ் கசிந்து எல்லாரையும் தெருவுக்கு இறங்கச் சொன்னார்கள். தங்கை கையைப் பிடித்து இழுத்ததில் அக்கா நிலைப்படியிலேயே மயங்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாள். தங்கை அவளை மடியில் போட்டுக்கொண்டு, வெடித்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, வெடிக்கவில்லை.

வீட்டுக்குள் அவள் ராணி. சமையல் அவள், துணி அவள், தங்கையை ஏசுவதும் அவள். எதைக் காட்டினாலும் "ஒண்ணுமில்ல" என்பது அவள் வழக்கம். மேகம் கறுத்து இடி இடித்தாலும் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஒண்ணுமில்ல என்பாள். துணி நனைந்த பிறகும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பயிற்சி ஆரம்பித்த அன்றைக்கு டீச்சர் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலி, பாதி எழுத்து விழுங்குகிற ஒலிபெருக்கி. இப்படிப் பயிற்சி கொடுக்க வருகிறவரைக் கருத்தாளர் என்பார்கள். இந்தக் கருத்தாளர், டீச்சரிடம் காஜா எடுக்கப் படித்திருக்கக்கூடிய வயசுப் பெண். ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் நாற்காலி மறந்துவிடும். கொதிக்கிற ஊற்றுகளில் வாழ்கிற நுண்ணுயிர்கள், பனிப்பாறைக்கு அடியில் வாழ்கிறவை, பாறைக்குள் வெளிச்சமே பார்க்காமல் கிடப்பவை என்று படம் படமாகக் காட்டினாள். "இவ்வளவு மோசமான இடத்துலயும் உயிர் இருக்கும்னா, வெளியில எங்கேயும் இருக்காதுன்னு எப்படிச் சொல்றது? ஆனா இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி நூறு தடவை சந்தேகப்படணும்" என்றாள். கடைசி வரிசையில் அலுவலகத்துக் கண்காணிப்பாளர் ஒருவர், வந்த நாள் முதல் தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதியது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. தேறாவிட்டால் அக்கா, தேறாவிட்டால் அக்கா என்றுதான் உள்ளே ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார், அவரும் ஆளில்லாமல் அறிவியலுக்குத் தள்ளப்பட்டவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ராக்கெட்ல உங்களையே ஏத்தப் போற மாதிரி பயப்படறீங்க" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிக்கு முந்தின நாள் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அதில் மூன்று பாட்டில், மூன்றிலும் மண். அது வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த மண் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய், சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றி, வாயில் பலூன் மாட்டி, மறுநாள் காலை வரை பார்த்து எழுத வேண்டும். மண்ணில் உயிர் இருந்தால் சர்க்கரையைத் தின்று மூச்சு விடும். பலூன் மெல்ல எழும்பும். எந்தப் பாட்டிலில் உயிர் இருக்கிறது என்பதுதான் தேர்வு.

"கஷ்டமே இல்ல" என்று வெளியே வரும்போது கணக்கு வாத்தியார் காதைக் கடித்தார். "முன்னாடி பயிற்சிக்கு வந்தவங்ககிட்டக் கேட்டுட்டேன். முதல் பாட்டில் வெறும் மண்ணு. ரெண்டாவதுல ஈஸ்ட் இருக்கு, அதுதான் உயிர். மூணாவது சோடா மாத்திரைப் பொடி, ஊத்தின உடனே சீறிட்டு அடங்கிடும். எழுதி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

அவர் அப்படியே செய்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. தையல் டீச்சருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் அடுப்படி மேடையில் மூன்று பாட்டிலையும் வரிசையாக வைத்து நீரை ஊற்றினாள். மூன்றாவது சொன்னபடி சீறி, பலூனைக் கொஞ்சம் தூக்கிவிட்டு ஓய்ந்தது. முதலாவது சும்மா இருந்தது. இரண்டாவதும் சும்மா இருந்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு அன்றைக்குப் பொழுதுபோக்கு கிடைத்தது. அரை மணி போனது. ஒரு மணி போனது. இரண்டாவது பாட்டிலின் பலூன் கழுத்தில் துவண்டு கிடந்தது.

"தண்ணி ரொம்பச் சூடா இருந்துதோ? கொன்னுட்டேனோ?" என்றாள் டீச்சர். விரலால் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். துண்டை எடுத்துச் சுற்றினாள். அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தினாள், பிறகு பயந்து தள்ளி வைத்தாள்.

"அதுல ஒண்ணுமில்லடி" என்றாள் அக்கா.

"இருக்கு. ரெண்டாவதுலதான் இருக்கணும்."

"நானும் அப்பவே பிடிச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு குமிழிகூட வரல. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுச் சாப்பிட வா."

"உனக்கு என்ன தெரியும்?" டீச்சர் சட்டென்று திரும்பினாள். "இந்த நாலு சுவத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு உனக்கு எதுதான் தெரியும்? உன்னாலதான் நான் இந்தப் பாடு படறேன். நீ மட்டும் இல்லாட்டி எந்த ஊருக்கு வேணா போன்னாலும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

இத்தனை வருடத்தில் சொல்லாத வார்த்தை. அக்கா ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். போட்டு வைத்த சாப்பாடு இரண்டு தட்டிலும் ஆறிப்போனது. டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனாலும் கண் பாட்டிலைவிட்டு நகரவில்லை.

விடிகாலையில் எழுந்து பார்த்தாள். பலூன் அப்படியேதான் கிடந்தது. கணக்கு வாத்தியார் சொன்ன மாதிரி வெறும் வார்த்தையை எழுதிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தால் பாதிக் கேடுதான். ஆனால் பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். உயிர் இருக்கிறது என்று எழுதிவிட்டு, செத்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது? உயிர் இல்லை என்று எழுதலாம் என்ற நினைப்பு அவளுக்கு வரவே இல்லை. கண் எதிரே இருந்ததை எழுதுவதற்கு அவளுக்குப் பழக்கமே இல்லையே. தெருமுனை ரொட்டிக் கடையில் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார்கள். போய்க் கேட்டாள். கடைக்காரர் ஒரு காகிதத்தில் கொஞ்சம் ஈஸ்ட் மடித்துக் கொடுத்தார். பலூனைக் கழற்றி, அதைக் கொட்டி, புதுச் சர்க்கரை நீர் ஊற்றி, மறுபடி மாட்டினாள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதே துண்டுக்குள் எழும்புவது தெரிந்தது. அந்த நிமிஷம் அவளுக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

கூடத்தில் கருத்தாளர் முதலில் எல்லாருடைய தாள்களையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் இறங்கிக்கொண்டே போனது.

"எல்லாருமே ரெண்டாவது பாட்டில்ல உயிர் இருக்குன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். "சிலர் எத்தனை மணிக்குக் குமிழி வந்துச்சுன்னுகூட எழுதியிருக்கீங்க. இந்தத் தடவை நான் ரெண்டாவது பாட்டில்ல ஈஸ்ட் போடல. முதல் பாட்டில்ல இருக்கற அதே மண்ணுதான். ரெண்டையும் அடுப்புல வெச்சு நல்லா வறுத்துத்தான் போட்டேன்."

"போச்சு" என்று கணக்கு வாத்தியார் வாய்க்குள்ளேயே சொன்னார்.

"உயிரைத் தேடறவங்களுக்கு இருக்கற பெரிய ஆபத்தே இதுதான்" என்றாள் கருத்தாளர். "இருக்கணும்னு ஆசைப்படறோம். அதனால இருக்குன்னு பாத்துடறோம். ஒண்ணுமில்லன்னு எழுதறதுக்கு ஒருத்தருக்குக்கூடத் தைரியம் இல்லையா?"

ஒண்ணுமில்ல. நேற்று ராத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா சொன்னாளே. அதை அப்படியே எழுதியிருந்தால் போதும். இந்தக் கூடத்திலேயே தேறினவள் டீச்சர் ஒருத்தியாக இருந்திருப்பாள்.

பாட்டில்களை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். வரிசையாக எல்லா இரண்டாவது பாட்டிலிலும் பலூன் தொங்கியது. கணக்கு வாத்தியாருடையதில் நீரே ஊற்றவில்லை. தையல் டீச்சருடையதில் மட்டும் பலூன் உருண்டையாக நிமிர்ந்து நின்றது.

கருத்தாளர் குனிந்தாள். பாட்டிலைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நுரை பொங்கிக்கொண்டிருந்தது. "வறுத்த மண்ணுல எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "ஏதோ தப்பிச்சிருக்கு! நான் வறுத்ததுல சாகாம ஏதோ ஒண்ணு தப்பிச்சிருக்கு. பாருங்க எல்லாரும். இந்த டீச்சர் ஒருத்தங்கதான் பாத்ததை எழுதியிருக்காங்க. நீங்க எல்லாரும் எழுதின அதே விடைதான், ஆனா இவங்க மட்டும்தான் உண்மையா எழுதியிருக்காங்க."

யாரோ கை தட்டினார்கள். கண்காணிப்பாளர் கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டு, என்ன என்று பார்க்க எழுந்து முன்னால் வந்தார்.

"இதை சீல் பண்ணி லேபுக்கு அனுப்பிடலாம்" என்றாள் கருத்தாளர். "உள்ளே என்ன இருக்குன்னு ஒரே நாள்ல சொல்லிடுவாங்க."

தேறிவிட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அக்கா அந்த வீட்டிலேயே, அந்த ஜன்னலிலேயே இருப்பாள். ஆனால் லேப் என்ற வார்த்தை டீச்சர் காதில் விழுந்துவிட்டது. ரொட்டிக் கடை ஈஸ்ட் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மோசடி என்பார்கள். உபரி அல்ல, வேலையே போகும். சம்பளம் இல்லாமல் அந்த மூன்றாவது மாடி ஏது, அக்காவின் மாத்திரை ஏது? இவர்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நாமே சொல்லிவிட்டால் மன்னித்துவிடுவார்களோ என்று ஒரு நப்பாசை. எழுந்து நின்றாள்.

"மேடம், அது தப்பிச்சது இல்ல. காலையில நான்தான் ஈஸ்ட் வாங்கிப் போட்டேன்."

கருத்தாளரின் முகம் அணைந்ததை அவள் பார்த்தாள். கண்காணிப்பாளர் இப்போது முழுசாக விழித்திருந்தார். "எழுதிக் கொடுங்க" என்றார். பயிற்சி முழுக்க அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

முடிவு சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. பார்க்காததை எழுதினவர்கள் எல்லாரும் அடுத்த மாதம் மறுதேர்வு எழுதலாம், அது கவனக்குறைவு. மாதிரியில் கை வைத்தவள் எழுத முடியாது, அது முறைகேடு. சட்டம் பேசுகிறவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் நன்றாகவே தெரியும். கணக்கு வாத்தியார் வாசலில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "என் பெட்டியை நான் வண்டியை விட்டே இறக்கல டீச்சர்" என்றார். "எனக்கு இன்னொரு வாய்ப்பு. உங்களுக்கு இல்லையாம். இது என்ன நியாயம்?"

கருத்தாளர் அவள் பின்னாலேயே ஓடி வந்து படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள் போல.

"ஏன் டீச்சர் அவர் எதிர்ல சொன்னீங்க? தனியா வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"லேபுல எப்படியும் தெரிஞ்சிடும்னு பயந்துட்டேன்மா."

"எந்த லேபு?" என்றாள் அந்தப் பெண். "எங்ககிட்ட அப்படி எந்த லேபும் இல்ல டீச்சர். ஒரு மைக்ராஸ்கோப்புகூடக் கிடையாது. ஒரு சந்தோஷத்துல சும்மா சொன்னேன்."

டீச்சர் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து என்ன செய்ய? எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

மாற்றல் உத்தரவு தாமதிக்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தான் அலுவலகம் தாமதிக்கும். டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அவள் ஏறி இறங்காத மேஜை இல்லை. "உங்க அக்காவுக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஒருவர். "வெளியில வர பயம்னா, பழக்கப்படுத்துங்க" என்றார் இன்னொருவர். அவர் சொன்ன விதத்தில் அது குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி எளிதாக இருந்தது.

வீட்டில் அக்கா அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "நீ போ. நான் இருந்துக்கறேன்" என்றாள்.

"பால்காரருக்குக்கூடக் கதவைத் திறக்க மாட்டே. எப்படி இருந்துப்பே?"

"பால் இல்லாம இருந்துக்கறேன்."

"அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசாதக்கா."

"நீ சொன்னது நிஜம்தானடி. நிஜத்தை மனசுல வெச்சுக்காம எங்கே வெச்சுக்கறது?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தினமும் பழகினார்கள். முதல் நாள் நிலைப்படி. மறுநாள் வெளி நடை. அதற்கு மறுநாள் அக்கா கீழே ஒரு படி இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, தவழ்ந்தே உள்ளே போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் தங்கை சுவரில் சாய்ந்துகொண்டு, பரவாயில்லக்கா, நாளைக்குப் பார்ப்போம் என்றாள். நாளைகள் தீர்ந்துபோயின. வீட்டைக் காலி செய்து, சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மாத்திரையை இரண்டாகக் கொடுத்திருந்தாள். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஐந்தாறு படி இறங்கினாள். திருப்பத்துக்கு வந்ததும் கீழேயிருந்து தெருவின் சத்தம் ஏறி வந்தது. அவ்வளவுதான். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு குந்திவிட்டாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. கீழ் வீட்டு அம்மாள் காய்கறிப் பையோடு ஏறி வந்து, நகர இடமில்லாமல் நின்று, பார்க்கக் கூடாததைப் பார்த்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"திரும்பிடலாம்டி" என்றாள் அக்கா. "நாளைக்கு இறங்கறேன். சத்தியமா நாளைக்கு இறங்கிடறேன். இன்னைக்கு மட்டும் என்னை உள்ளே விட்டுடு."

"சாவியைக் கொடுத்தாச்சுக்கா, வேற ஆளுங்க வரப்போறாங்க."

"அப்போ இங்கேயே இருக்கேன். இந்தப் படியிலேயே இருக்கேன். யாருக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன். நீ போயிட்டு வாடி, கண்ணு."

சின்ன வயதில் அக்கா தலை பின்னிவிடும்போது கூப்பிடுகிற பெயர் அது. தங்கை பையைக் கீழே வைத்தாள். ஒரு படி கீழே நின்று, அக்காவின் கை மேல் தன் கையை வைத்து, கம்பியைப் பிடித்திருந்த சுண்டு விரலை மெல்லப் பிரித்தாள். அக்கா கத்தினாள். அவள் அடுத்த விரலைப் பிரித்தாள்.